கோலப்பண்ணன் சிரிப்பு

வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மாமனார், தோள்கள் இரண்டும் குலுங்குகின்றன, திரையிலிருந்து வழியும் மஞ்சள் வெளிச்சத்தில் கண்ணோரம் நனைந்திருப்பது தெரிகிறது, கழுத்து நரம்பு விம்மிப் புடைக்கிறது, வடிவு அம்மாவின் காதோடு சாய்ந்து, மாமாவுக்கு மூச்சு முட்டுது போலம்மா, இழுப்பு கிழுப்பு இருக்குமோ என்று கேட்கிறாள், அம்மா ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, விளக்குப் புகை ஆகலையோ என்னமோ, நீ திரும்பித் திரும்பிப் பாக்காத, சம்மந்தி சங்கடப்படுவாரு என்கிறாள், வடிவும் திரும்பிக்கொள்கிறாள், திரும்பிக்கொண்டதுதான் தப்பு என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு தோன்றுகிறது, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்தால், எழுந்து போய் என்ன மாமா செய்யுது என்று கேட்டிருந்தால், துண்டை எடுத்துவிட்டுப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும், பதில் வருவதற்கு முன்னால் அது வெளியே வந்திருக்கும், ஆனால் கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத பெண் மாமனாரிடம் போய் எப்படிக் கேட்பாள், கழுத்தில் தாலிக் கயிற்று மஞ்சள்கூட இன்னும் காயவில்லை, அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரையில் ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் பூசிய பாவைகள் வந்து வந்து போயின.

பாளையங்கோட்டையில் அவள் அப்பா கோர்ட்டில் சிரஸ்தார், வீட்டில் சுவர்க்கடிகாரம் அடிப்பதுதான் பெரிய சத்தம், அடுப்படியில் அம்மாவும் அவளும் எதற்காவது சிரிக்க நேர்ந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள், அப்பா பேப்பரை ஒரு தரம் மடக்கினால் போதும், அதுவும் நின்றுவிடும், பெண் பார்க்க வந்த பூதலிங்கத்தைப் பிடித்துப்போனதற்கு அவளுக்கு வேறு காரணமே கிடையாது, பாங்கு வேலையோ படிப்போ இல்லை, காப்பி தம்ளரைக் கீழே வைக்கும்போது அவன் கை தவறிச் சிந்திவிட்டு, தன்னையே பார்த்து ஒரு வினாடி சிரித்தான், இவன் வீட்டுக்குப் போனால் சத்தமாக இருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள், அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லக்கூடிய விஷயமா அது. தாழக்குடிக்கு வந்தாள், மாமியார் இல்லாத வீடு, பூதலிங்கம் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாளாம், முன்னறையில் சைக்கிள் கடை, டயர் வாசனை, மாமனார் கோலப்பன் கிரீஸ் படிந்த கையோடு குனிந்து உட்கார்ந்து செயின் மாட்டிக்கொண்டிருப்பார், அவளைக் கண்டால் எழுந்து நின்று வழிவிடுவார், சாப்பாடு வைத்தால் போரும் மக்கா என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது, இன்னொரு கோர்ட்டு வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று முதல் மாதத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாள்.

கூத்து பார்க்க ஆசைப்பட்டது அம்மாதான். அப்பாவும் அம்மாவும் மறுவீட்டுக்குத் தாழக்குடி வந்திருந்த அன்று சாயங்காலம் மைதானத்திலிருந்து மிருதங்கச் சத்தம் கேட்டது, பாவைக்கூத்தா, நான் சின்னவளா இருக்கையில பாத்தது, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வருவோமா மாப்பிள்ளை என்று அம்மா கேட்டாள், அப்பாவே ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார், அம்மா அவர் எதிரில் எதையும் கேட்டு வடிவு பார்த்ததில்லை, பூதலிங்கம் சரி அத்தை என்றான், சொல்லிவிட்டுப் புறவாசல் பக்கம் போனான், அங்கே மாமனார் கை கழுவிக்கொண்டிருந்தார், அவரிடம் அவன் ஏதோ சொல்வது கிணற்றடியில் நின்ற வடிவுக்குத் தெரிந்தது, என்ன சொன்னான் என்று கேட்கவில்லை, மாமனார் தலையை மட்டும் ஆட்டினார், உள்ளே வந்து சலவைத் துண்டு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கூடாரத்தில் ஊரே இருந்தது, குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, பாய் விரிக்கிற இடம்கூட அப்பன் காலத்திலிருந்து மகன் காலத்துக்கு அப்படியே வந்திருந்தது, முன்வரிசையில் ஆசாரி வீட்டுப் பாய், தூணோரம் பூக்காரி வீட்டுப் பாய், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒருத்தி, பக்கத்தில் அவளை அதே இடத்தில் வைத்துப் பால் கொடுத்த அவள் அம்மை, கடலைப்பொட்டலம், கொட்டாவி, யார் காலையோ யாரோ மிதித்த ஏச்சு. அன்றைக்குத் திரையில் வெங்கலவாயனும் அவன் பெண்டாட்டி சீரங்கியும் வந்தார்கள், எந்தக் கதை நடந்தாலும் நடுவில் இந்த இரண்டு கோமாளிப் பாவைகளும் வந்துவிட வேண்டும், கடன்காரன் கதவைத் தட்டுகிறான், நீ வீட்டுல இல்லேன்னு சொல்லி அனுப்பு என்கிறாள் சீரங்கி, வெங்கலவாயன் கதவைத் திறந்து, நான் வீட்டுல இல்ல என்கிறான், எப்ப வருவீரு என்று வந்தவன் கேட்கிறான், வெங்கலவாயன் உள்ளே திரும்பி, ஏட்டி, நான் எப்ப வருவேன் என்று கேட்கிறான். ஊர் சிரித்தது, அம்மாகூட முந்தானைக்குள் சிரித்தாள், ஆனால் பாவை அதற்குப் பிறகு அசையவில்லை, கையைத் தூக்கியபடி திரையில் அப்படியே நின்றது, எதற்கோ காத்திருக்கிற மாதிரி, சிரித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள், திரைக்குப் பின்னாலிருந்து கூத்துக்காரர் சேதுராவ் வெங்கலவாயன் குரலிலேயே, கோலப்பண்ணன் வரல்லியா என்று கேட்டார், யாரோ, இங்கதான இருக்காரு என்று தொடங்கினார்கள், பூதலிங்கம் சட்டென்று கையை உயர்த்தி அடக்கினான், அப்போதுதான் அவள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள், துண்டு, குலுங்கும் தோள், நனைந்த கண். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா, சம்மந்தி ரொம்ப நிதானமான மனுஷர், இந்தக் காலத்துல இப்படி ஒருத்தரைப் பாக்க முடியாது என்று சொன்னார், பூதலிங்கத்தின் முகம் மலர்ந்தது, மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பகவதி பிறந்தாள், தவழ்ந்தாள், சுவரைப் பிடித்து நின்றாள், தட்டை உருட்டிவிட்டு அது சுற்றிச் சுற்றி விழும் சத்தத்துக்குக் கைகொட்டினாள், வாசலில் மாமனார் செருப்பைக் கழற்றுவது கேட்டதும் வடிவு ஓடிப்போய் தட்டை எடுத்துவிடுவாள், உஷ், பாட்டா வந்தாச்சு, சத்தம் போடக்கூடாது, ரேடியோவைத் தணித்துவிடுவாள், பாத்திரத்தைப் பார்த்து வைப்பாள், அவரும் வர வரச் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றப் பழகினார், இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வந்தார், கடையில் சுத்தியல் அடிக்கும் வேலையைப் பிள்ளை தூங்காத நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டார், எவ்வளவு கண்டிப்பான மனுஷர் என்று அவள் நினைத்தாள், அவர் என்ன நினைத்தார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது, ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு, அப்படியே வருஷங்கள் போயின, பிடித்த மூச்சை விடச்சொல்ல ஒரு ஆள் இல்லை. இப்போது, பேத்திகளும் வந்துவிட்ட பிறகு, வடிவு அதே மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் பகவதி தன் இரண்டு பெண்களோடு, கூத்து தொடங்க இன்னும் நேரமிருக்கிறது, சேதுராவின் மகள் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கிறாள், முன்வரிசையில் ஆசாரி வீட்டு நாற்காலிகள், தூணில்லாத தூணோரத்தில் பூக்காரி வீட்டுப் பேரப்பிள்ளைகள், இடமில்லாமல் பின்னால் நிற்கிறார்கள், கூத்துக்கு ஒரு குறையும் வரவில்லை, பூதலிங்கம் மட்டும் வரமாட்டான், நீங்க போய்ட்டு வாங்க, எனக்குக் கண்ணு கூசும் என்பான், கண் கூசுவதற்கு என்ன இருக்கிறது அந்த மங்கல் வெளிச்சத்தில், அவள் வற்புறுத்துவதில்லை.

பகவதியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம்தான் அவள் முதல்முறையாகத் தானாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கூடாரத்துக்குப் போனது, வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வெங்கலவாயனைப் பற்றியே பேசுதுகளாம், நானும் பாக்கணும் என்று பகவதி அழுதாள், பூதலிங்கத்துக்கு பாங்கில் வேலை இருந்தது, மாமனாரைக் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. திரையில் கழுதை வந்து வெங்கலவாயன் முதுகில் ஏறி உட்கார்ந்தது, பகவதியிடமிருந்து முதலில் ஒரு காற்றுச் சத்தம் வந்தது, சைக்கிளுக்குப் பம்பு அடிக்கிற மாதிரி, ஹ்ஹ், ஹ்ஹ், ஹ்ஹ், என்ன ஆச்சு என்று வடிவு பயந்து முதுகைத் தடவப் போனாள், அடுத்த நொடி ட்யூப் வெடித்த மாதிரி ஒரு சிரிப்பு, அந்தச் சின்ன உடம்புக்குள் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை, பாயில் பின்னால் சாய்ந்து காலை உதைத்துக்கொண்டு சிரித்தாள், கூடாரம் முழுவதும் திரும்பிப் பார்த்தது, திரும்பிப் பார்த்தவர்களும் சிரிக்கத் தொடங்கினார்கள், கழுதைக்காக இல்லை, அந்தச் சிரிப்புக்காக, திரையில் பாவை நின்றுவிட்டது, கூத்துக்காரரின் சொந்தக் குரல், கோமாளிக் குரல் இல்லை, கோலப்பண்ணே, வந்துட்டியளா என்று கேட்டது, தழுதழுத்த மாதிரி இருந்தது.

கூத்து முடிந்ததும் சேதுராவின் மனைவி அம்பாபாய் கைவிளக்கோடு அவர்களைத் தேடிக்கொண்டு வந்தாள், பகவதியின் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்துப் பார்த்தாள், கோலப்பண்ணன் வீட்டுப் பிள்ளையா, எனக்குத் தெரியும், வேற ஆருக்கு வரும் இந்தச் சிரிப்பு என்றாள், வடிவுக்கு ஒன்றும் புரியவில்லை, எங்க மாமா சிரிச்சு நான் பாத்ததே இல்லையே என்றாள், அம்பாபாய் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள், என்ன பிள்ளே சொல்லுக, இந்தச் சுத்துவட்டாரத்துல ஆளுக டிக்கெட் எடுக்கதுக்கு முந்தி கோலப்பண்ணன் வந்தாச்சான்னுல்லா கேப்பாவ, அவரு சிரிக்கதுக்குன்னே இவரு பாவைய நிறுத்திப் போடுவாரு, அவரு சிரிச்சு முடிச்ச பொறவுதான் மிருதங்கம் விழும், பெண்டாட்டி செத்து கைப்பிள்ளையத் தோள்ல தூக்கிட்டு வந்த நாள்லயும் சிரிச்சாரு, பிள்ளைக்கு சிரிப்புச் சத்தம் கேக்கண்டாமான்னு சொல்லுவாரு, ஒரு நாள் உங்க ஊரு ஆளுகளக் கூட்டிட்டு வந்தாருல்லா, நான் அவருக்க பக்கத்துலதான் நின்னேன், துண்ட வாயில வச்சுக் கடிச்சிட்டு இருந்தாரு, என்ன அண்ணேன்னு கேட்டதுக்கு பேசாதேன்னு கையக் காட்டினாரு, அதோட சரி, இந்தப் பக்கம் வரவே இல்ல, நாங்க என்ன தப்பு செஞ்சோம்னு இவரு எத்தன தடவ கேட்டிருப்பாரு தெரியுமா. வடிவு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இழுப்பு இல்லை, விளக்குப் புகை இல்லை, அந்தத் தோள் குலுங்கியது சிரிப்பில், தன் அப்பாவும் அம்மாவும் தானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தொண்டையிலேயே நின்றுபோன சிரிப்பில்.

அவள் வீடு திரும்பியபோது பூதலிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அன்னைக்குப் புறவாசல்ல வச்சு மாமாகிட்ட என்ன சொன்னீங்க என்று கேட்டாள், என்றைக்கு என்று அவன் கேட்கவில்லை, ரசச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், உங்க அப்பா கோர்ட்டு ஆளு, பெரிய மனுஷர், இவரு சிரிச்சா கூடாரமே திரும்பிப் பாக்கும், பாயில உருளுவாரு, சின்ன வயசுல எனக்கு அதுதான் பெருமை, காலேஜ் போன பொறவு கூட்டுக்காரனுக கேலி செய்வானுவ, லே உனக்க அப்பன் பம்பு அடிக்காருலேன்னு, அதான் சொன்னேன், இன்னைக்கு மட்டும் சிரிக்காதீங்கப்பா, அவங்க நம்மள என்ன நினைப்பாங்கன்னு. பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்து, ஒரு நாளைக்குத்தான் வடிவு சொன்னேன் என்றான், அவரு அத அப்படியே பிடிச்சுக்கிடுவாருன்னு நான் கண்டேனா, மறுநாளும் வரல்ல, அதுக்கடுத்த வருசமும் வரல்ல, சரி வயசாச்சுன்னு நினைச்சேன். எங்க அம்மா அந்தக் கூத்துக்கு ஏன் ஆசைப்பட்டான்னு தெரியுமா உங்களுக்கு, அவ வாழ்க்கையில சத்தமா சிரிக்கிற ஒரு ஆளை அவ பக்கத்துல பாத்ததே இல்லை என்று வடிவு சொன்னாள், சொல்லும்போதுதான் அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு ஆடி கழிந்துவிட்டது நினைவுக்கு வந்தது, அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் அணைந்த அடுப்பின் முன்னால் நின்றுகொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூத்துக்குக் கிளப்பினாள், நீங்க போய்ட்டு வாங்க மக்கா, கடைய ஆரு பாக்க என்றார் மாமனார், பகவதி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள், பாட்டா வா, கழுத மேல ஏறும் பாட்டா, வா, அவர் மகனைப் பார்த்தார், பூதலிங்கம் வாங்கப்பா என்றான், கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கூடாரத்தில் அவரைக் கண்டதும் ஆசாரி வீட்டுப் பாயே எழுந்து நின்றது, எப்பம் வந்திய அண்ணே, இங்க இரிங்க, இங்க இரிங்க, அவர் கூச்சத்தோடு பின்னால் போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்தார், மடியில் பகவதி, இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் வடிவு, சேதுராவுக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அன்றைய கதையை நிறுத்திவிட்டு நேராக வெங்கலவாயனைக் கொண்டுவந்தார், கதவு தட்டப்பட்டது, நான் வீட்டுல இல்ல, எப்ப வருவீரு, ஏட்டி நான் எப்ப வருவேன், பகவதிக்குப் பம்பு அடிக்கத் தொடங்கிவிட்டது, ஹ்ஹ், ஹ்ஹ், வடிவு மூச்சை அடக்கிக்கொண்டு மாமனாரின் முகத்தைப் பார்த்தாள், இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை, அவர் கன்னம் துடித்தது, உதடு ஒரு பக்கமாக இழுபட்டது, பிள்ளையின் சிரிப்பு வெடித்த அதே நேரத்தில் அவர் கை தானாக உயர்ந்து, கிரீஸ் மணக்கும் அந்தப் பெரிய கை, பிள்ளையின் வாயை மெல்லப் பொத்தியது, மெள்ளச் சிரி மக்கா, அம்மைக்குச் சத்தம் ஆகாது என்று அவள் காதில் சொன்னார். வடிவுக்கு அது கேட்டது. பூதலிங்கத்துக்கும் கேட்டது.

திரும்பி வரும்போது வாய்க்கால் கரையில் காற்று நன்றாக வீசியது, பகவதி அப்பா தோளில் தூங்கிப்போயிருந்தாள், முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தார்கள், வடிவு தன் வாழ்க்கையில் முதல்முறையாக மாமனாரைக் கூப்பிட்டு நிறுத்தினாள், மாமா, எனக்குச் சத்தம் ஆகாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா, அவர் திகைத்து, ஆரும் சொல்லல்ல மக்கா, நான் வருகப்பம் நீ பிள்ளைய அடக்குகது கேக்கும்லா, பெரிய எடத்துப் பிள்ளை, அமைதியா வளந்தது, நம்ம எடுத்தெறிஞ்சு நடக்கப்பிடாதுன்னு என்றார், அது உங்களுக்காகத்தான் மாமா அடக்குனேன், உங்களுக்கு ஆகாதுன்னு நினைச்சேன் என்றாள், எனக்காவா என்று கேட்டார் அவர், கொஞ்ச தூரம் நடந்தார், எனக்காவா என்று மறுபடியும் தனக்குள் சொல்லிக்கொண்டார், தெரியாமப் போச்சே மக்கா. பூதலிங்கம் அதற்குமேல் தாங்கமாட்டாமல், அப்பா, இனிமே சிரிங்கப்பா, ஆரு என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போறான், நான் சொன்னது புத்தியில்லாம சொன்னது என்றான், மாமனார் நின்று அவன் முதுகில் கை வைத்தார், உனக்க மேல கோவத்துல நான் அடக்கல்லடே, வேணும்னு செய்யல்ல, இன்னைக்கும் வந்துது, தொண்டை வரைக்கும் வந்துது, வந்த ஒடனே உனக்க மொகம் ஓர்மை வந்துட்டு, அன்னைக்குப் பொறவாசல்ல நின்னு கேட்டேல்லா, அந்த மொகம், அது வந்தா மத்தது போயிரும், எத்தன நாளா பாக்கேன், அப்டித்தான் நடக்கு, நான் என்ன செய்யட்டும், என்று யாருடைய உடம்பிலோ உள்ள நோவைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார், பிறகு, வெசனப்படாதே, சம்மந்திமாரு நம்மள நல்லபடியா நினைச்சாவல்லா, அது போரும் என்று சொல்லி, தூங்குகிற பிள்ளையை அவன் தோளிலிருந்து தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கினார். பூதலிங்கம் கரையிலேயே நின்றுவிட்டான், இரண்டு கைகளும் பிள்ளையை ஏந்தியிருந்த மாதிரியே காலியாக முன்னால் நீண்டிருந்தன, வடிவு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள், அவன் பக்கம் போய் ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது, ஆனால் முன்னால் வாய்க்கால் வளையும் இடத்தில் பாதை இறங்கும், விளக்குக் கம்பம் கிடையாது, மாமாவுக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, அவள் கூடையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு, மாமா நில்லுங்க, மாமா, என்று ஊருக்கே கேட்கும்படி சத்தமாகக் கூப்பிட்டபடி அவர் பின்னால் ஓடினாள்.